விளையாட்டுக்காரர்களின் பாதுகாவலர்

எழுபத்து நாலாம் வருஷத்து மாவட்டக் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு இன்னும் நான்கு நாள். விளையாட்டு வாத்தியார் விக்டர் விசில் ஊதியதற்குத் தூத்துக்குடி கத்தோலிக்கப் பள்ளி மைதானத்துக்கு வந்தவர்கள் நான்கே பையன்கள்.

"மத்தவனுவ எங்கலே?"

"வீட்டுல விடலை சார். நமக்கு அம்மை வாத்திருக்காம்," என்றான் கேப்டன் பாஸ்கல்.

"யாருக்குலே?"

"டீமுக்கு சார்."

விக்டருக்கு விஷயம் பிடிபட்டது. விளையாட்டு வீரர்களின் பாதுகாவலர் புனித செபஸ்தியார் என்று அவர் ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும், பதினொரு பேரையும் மெழுகுதிரியோடு வரிசையாகக் கடற்கரையிலுள்ள குகைக்கோயிலான கெபிக்கு அழைத்துப் போய்ச் செபஸ்தியார் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நிறுத்தினார். ஊருக்கோ செபஸ்தியார் என்றால் கொள்ளைநோய்க்கு நேர்ந்துகொள்ளும் அர்ச்சிஷ்டவர். ஒரு வீட்டார் மொத்தமாகத் திரி ஏந்திப் போனால் அந்த வீட்டில் அம்மை. பதினொரு பேர் போனால் கேட்கவே வேண்டாம்.

கோப்பை இந்த வருஷமும் வராவிட்டால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவதாக ஹெட்மாஸ்டர் சாமியார் சொல்லியிருந்தார். கொடுத்தால், தற்காலிக வாத்தியாரான விக்டர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவர் நேரே கோல்கீப்பர் செல்வதுரையின் தாயார் அந்தோணியம்மாளிடம் போனார். வாசலில் வேப்பிலை தொங்கியது.

"எக்கா, செபஸ்தியாரு விளையாட்டுக்காரங்களுக்குப் பாதுகாவலரு."

"அவரைக் கட்டிப்போட்டுல்லா அம்பு எய்தாக. ஓட்டக்காரரா இருந்தா ஓடிருக்க மாட்டாரா?"

விக்டர் அம்பை விட்டுவிட்டு, "பயலை மட்டும் அனுப்புங்கக்கா," என்றார்.

"ஆஸ்பத்திரி ஆளு பாத்துச் சொல்லட்டும், அனுப்புதேன்," என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் முத்துக்கனி மைதானத்துக்கு வந்தார். தாய்மார்கள் பையன்களைக் கூட்டிவந்தார்கள். சட்டையைக் கழற்றி வரிசையாக நிறுத்தி, முதுகு முதுகாகப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்ல" என்றார் கம்பவுண்டர். அவர் சொன்னது மைதானத்துக்குள்தான் கேட்டது. ரோட்டில் நின்ற வேம்பார் பஸ்ஸுக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும். சாயங்காலத்துக்குள் வேம்பாரில் அம்மைக்காரர் பதினொரு பேர் முப்பது பேராகிவிட்டார்கள்.

எதிரணி சாத்தான்குளம் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் பள்ளிக்கூடம். வதந்தி அங்கே போகுமுன் உண்மை போய்ச் சேரட்டும் என்று விக்டர் ஒரு கடிதம் எழுதினார். பிரதியை ஹெட்மாஸ்டரிடம் காட்டினார்.

"'எங்கள் அணியில் எவருக்கும் அம்மை இல்லை. தாங்கள் தைரியமாக வரலாம்,'" என்று சாமியார் வாய்விட்டுப் படித்தார். "இதுவரைக்கும் அவங்களுக்கு இந்த அம்மைப் பேச்சே தெரியாதேவே?"

"தெரியாது சாமி."

"தபால்ல போட்டாச்சா?"

"ரிஜிஸ்தர் தபால் சாமி."

சாமியார் கடிதத்தை மடித்துக் கணக்கு வாத்தியாரின் டைம்டேபிளுக்குள் வைத்தார்.

ஆட்டத்தன்று சாத்தான்குளம் பஸ்ஸிலிருந்து அந்தப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார் ஜெபசிங் ஒருவர் மட்டும் இறங்கினார். நடுவரின் காதில் ஏதோ சொன்னார். நடுவர் கால்மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எதிரணி வராததால் தூத்துக்குடிக்கே கோப்பை என்றார். பையன்கள் விக்டரைத் தூக்கிக்கொண்டார்கள். சாமியார், "விளையாட்டுப் பீரியடு இருக்கட்டும்வே" என்று கோப்பையைக் கையில் கொடுத்தார்.

விக்டருக்குத்தான் அது கனத்தது. பந்தைத் தொடாமல், ஒரு கடிதத்தால் பயமுறுத்தி வாங்கிய கோப்பை. ஜெபசிங்கைக் கோல்போஸ்ட் பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

"சார், இதை நீங்க கொண்டுபோங்க. எங்க பயலுவளுக்கு அம்மையே கிடையாது, சத்தியமா. உங்க பயலுவளைக் கூட்டிட்டு வாங்க, நாளைக்கே ஆடிருவோம்."

ஜெபசிங் கோப்பையை வாங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பயலுவ எட்டுப் பேருக்கு வாத்திருக்கு சார். எங்க சபைப் பாதிரி ஐயருக்குத் தெரியவேண்டாம், உங்க பயலுவ திரி ஏந்திப் போனதா பஸ்ஸுல சொன்னாகளே, அந்தக் கெபி எங்கன இருக்கு?"