நீல வயரும் பிஜுவின் தமிழும்

ஆனைக்கரை

அன்பு மருமகன் அஜய்க்கு, உன் தாய்மாமன் சங்கையா ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் கை கால் முழுதாக இருக்கிறோம். ஓசூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் போன மாதமே சொல்லிவிட்டேன். யாரிடம் என்று கேட்காதே. உன் பெண்டாட்டி செல்வப்பிரியாவின் சாப்பாட்டு வண்டி உன் பிக்கப்பை விட அகலம். அதைப் பின்னால் கட்டி இழுத்தால் பழைய கண்ணாடியில் தகரம்தான் தெரியும், ரோடு தெரியாது. நீ வாங்கி அனுப்பிய நீளக்கைக் கண்ணாடிகளை நானே மாட்டினேன். மூணாறு வந்த ஜப்பான்காரனே என்னிடம் வயரிங் சந்தேகம் கேட்டுப் போனவன். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு எலக்ட்ரீசியன் பிஜுவுக்குப் போன் போட்டேன். மலையாளி என்றாலும் என்மேல் உள்ள மதிப்பில் தமிழிலேயே பேசினான். "கறுப்பு பாடியில கொடுங்க, மஞ்ச இண்டிகேட்டர்ல. நீலம் கண்ணாடி மடக்குறதுக்கு. அது பின்னே கொடுத்தா போதும் சேட்டா." பின்னே என்றால் பின்னேதானே. நீல வயரை அடிவழியாகப் பின்பக்கம் இழுத்துப்போய் ரிவர்ஸ் லைட் வயரோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டேன்.

மறுநாள் குமுளியில் கடை திறப்பு. ஏலக்காய் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு அவள் நம்பியிருப்பது இந்த ஒரு வண்டியைத்தான். அவள் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று நீ சொன்னபடி நான்தான் ஓட்டினேன். இறக்கத்து வளைவில் எதிரே பஸ். வலது கை பாறை, இடது கை பள்ளம். கண்டக்டர் இறங்கி வந்து, "கொறச்சு பொறகோட்டு எடுக்கு சேட்டா" என்றான். ரிவர்ஸ் போட்டேன். இரண்டு கண்ணாடியும் மிரண்ட மாட்டின் காது போல மடங்கிக்கொண்டன. நியூட்ரல் போட்டால் விரிகின்றன, ரிவர்ஸ் போட்டால் மடங்குகின்றன.

"என்ன மாமா, பஸ்ஸப் பாத்துக் கும்பிடுதா?" என்று கேட்டுக்கொண்டே செல்வப்பிரியா பிஜுவுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ சேச்சி, பின்னேன்னா பெறகு. கடைசில நான் வந்து கொடுக்கலாம்னு சொன்னதாக்கும்."

பேசியது முழுக்கத் தமிழ், அந்த ஒரு சொல் மட்டும் மலையாளமாம். வயரைப் பிரிக்கலாம் என்றால் நான் சுற்றிய டேப் லேசில் பிரியாது, வேலை அப்படி. பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அவளைப் பின்னால் நிறுத்தி "வரலாம்" சொல்லச் சொல்லிவிட்டு எடுத்தேன் பார், ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் சாப்பாட்டு வண்டி அந்தப் பக்கம் போகிறது, இடது சக்கரம் ஓரத்து மண்ணை உதிர்க்கிறது, உள்ளே தோசைக்கல் சறுக்கிப் போய்ச் சுவரில் மோதுகிறது, அவள் "வரலாம், வரலாம்" என்கிறாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாக ஏற்றி, பள்ளத்துக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சீட்டை விட்டு எழுந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடையும் திறந்தாயிற்று.

அத்தை மூக்கம்மாள் உன்னை விசாரித்தாள். மலைக்காளி உன் ஷிப்டையும் உடம்பையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
சங்கையா

பின்குறிப்பு: செல்வப்பிரியா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றைத் திருத்தச் சொல்கிறாள். ஓட்டியது அவள். பின்னால் நின்று வரலாம் வரலாம் என்றது நான். சக்கரம் ஓரத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். வாய் மட்டும் வரலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்து எடுத்தாளே தவிர அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதனால்தான் வண்டி ரோட்டில் இருக்கிறது.