தாளிக்காத சீனியவரைக்காய்

வெடிச்சத்தம் கேட்டே வளர்ந்த இந்தச் சிவகாசிச் சீமையில், கடுகுக்குப் பயந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் கடுகு அண்ணாச்சிதான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். சட்டியில் நாலு கடுகு பொரிந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனைக்கு ஓடிவிடுவார்.

அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தாளிக்கும் முன்னால், "அண்ணாச்சி, கடுகு போடப் போறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் தெருமுனைக்குப் போன பிறகுதான் கடுகு. ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒவ்வொரு நேரத்தில் தாளிப்பாள். சர்க்கரை வியாதிக்காரனைவிட அண்ணாச்சி அதிகம் நடந்தார். அவர் பேச்சை நிறுத்தாதபோது, அடுப்பே பற்ற வைக்காமல் நானும் கடுகுக் குரல் கொடுத்திருக்கிறேன்.

சிரிப்போமே தவிர, காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு தீபாவளி சீசனில் அவர் கம்பெனி வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, வெடிமருந்து அறையில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரி வெடி விபத்தில் போய்விட்டாள். "மொதல்ல கடுகு பொரியிற மாதிரித்தான் கேட்டுச்சு, தாயி" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் தாளிப்பு கிடையாது. மகள் செல்வியை அடுப்புப் பக்கமே விடமாட்டார். கோடை வந்தால் மல்லாங்கிணறு ஊர்ப் பக்கமிருந்து பிஞ்சு சீனியவரைக்காய் வரும், கொத்தவரங்காய் என்பார்களே அதுதான். நார் உரித்து, பொடியாக நறுக்கி, பச்சை நிறம் மாறாமல் உப்புத் தண்ணீரில் மூடாமல் வேக வைப்பார். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் ஒன்றிரண்டாய் அரைத்துப் புரட்டி, மேலே பச்சை நல்லெண்ணெய் விடுவார். சத்தமே இல்லாத சமையல். ருசி இருக்கும். அதை அவரிடம் சொன்னால் இன்னும் அரைமணி நேரம் பேசுவார் என்று நான் சொன்னதில்லை.

ஆமத்தூரிலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் செல்விக்கும் பிடித்துப்போனது. சம்மதம் என்றால் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். சாம்பாரும் ரசமும் என் வீட்டில் தாளித்துக் கொண்டுபோனேன். மகளுக்குப் பிடித்த சீனியவரை மட்டும் தன் கையால்தான் என்று அண்ணாச்சி பிடிவாதம்.

இலையைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, தாளிக்காம வச்சிருக்கீக? துக்க வீட்டு வெஞ்சனம்லா இது! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எப்படிக் கை நனைக்க?"

நான் குறுக்கே விழுந்தேன். "குடுங்க, எங்க வீட்ல தாளிச்சு எடுத்தாரேன்."

"ஒங்க வீட்டுப் பொண்ணையா எடுக்கோம்? இந்த வீட்டு அடுப்புல தாளிக்கட்டும்."

செல்வி எழுந்தாள். "நான் தாளிக்கேன்பா."

"நீ அடுப்புக்கிட்டப் போவாத!" என்று போட்டார் ஒரு சத்தம். மகள் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் கடுகு குடு, தாயி" என்றார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. முன்வாசல், பின்வாசல் திறந்தாயிற்று. வந்தவர்கள் அத்தனை பேரையும் இலையை விட்டு எழுப்பி வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அடுப்புப் பக்கம் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். தீப்பற்றும் என்று நைலான் சட்டையைக் கழற்றி எறிந்தார்.

"பொண்ணு பாக்க வந்தோமா, கம்பெனி வேலைக்கு வந்தோமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் தெருவுக்கே கேட்டது. "ஏத்தா... எல்லாரும் கேட்டுக்கோங்க... கடுகு போடுறேன்!"

தெரு அப்படியே நின்றது. ஒரு சிட்டிகை போடும் இடத்தில் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார். படபடவென்று பொரிந்து அடங்கியது. ஆள் வரவில்லை. யாருக்கும் சிரிப்பும் வரவில்லை. நான் உள்ளே போனேன். கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நின்னுருச்சா, தாயி?"

"அப்பவே நின்னுருச்சு. கருகுது, எறக்குங்க."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

மாப்பிள்ளையின் அம்மா மறுபடி உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தார். "கடுகு கரிஞ்சு கசக்கு" என்றார். அவர் அண்ணாச்சியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இலையைக் காட்டி, "இன்னுங் கொஞ்சம் வையிங்க" என்றார்.

செல்வி ஆமத்தூர் போனாள். அதன்பிறகு அண்ணாச்சி தாளிக்கவே இல்லை. "ஆயுசுக்கும் அந்த ஒரு தடவ போதும்" என்பார். நாங்களும் குரல் கொடுப்பதை நிறுத்தவில்லை.

போன கோடையில் அண்ணாச்சி இறந்துபோனார். துக்கம் முடியும்வரை அந்த வீட்டுக்காக என் அடுப்பிலும் நான் தாளிக்கவில்லை. முடிந்த மறுநாள் எண்ணெயைக் காய வைத்தேன். வாய் தன்னால் சொல்லிற்று: "அண்ணாச்சி, கடுகு போடப் போறேன்."

இன்றைக்கும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்து வைத்துக் காத்திருக்கிறேன். மனுசன் தெருமுனைவரைக்கும் நடக்கணுமே.