சோபாவுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் என் முட்டிவலியோடும், உங்கள் தங்கை ஒரு வலியும் இல்லாமலும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: தங்கள் தங்கை தமது ஐம்பத்தொன்பதாவது வயதில் விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தம் கையாலேயே கட்டியது தொடர்பாகத் தாங்கள் கேட்டிருந்த விளக்கம்.

"சோபா வாங்க வெச்சிருந்த பணத்துல விளையாட்டுச் சாமான் வாங்கிட்டாளாமே, நீங்க வீட்டுல உக்காந்து என்ன பண்ணிட்டு இருந்தீங்க மாப்பிள்ளை?" என்று தாங்கள் கேட்டிருந்தது சரியான கேள்வி. தண்ணீர் வரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் நான் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டே பழகியவன். விளக்கம் கொடுப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

எல்லாம் பாப்பாவால் வந்தது. என் மகளுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, முப்பத்தொரு வயதாகியும் நம் வாயில் பாப்பாதான். தூர ஊரில் தனியாக இருக்கிறாள், ஏதோ நிறுவனத்தில் படம் வரைகிற வேலை, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், கொஞ்ச மாதமாகவே அவள் போனில் பேசுவது "ம்", "சரிம்மா", "சாப்பிட்டேன்" என்று மூன்றே வார்த்தைக்குச் சுருங்கிவிட்டது. நான் பேசினால் அதிலும் ஒன்று குறையும். என்னாச்சு என்று கேட்டால் ஒண்ணுமில்லை. கோபமா என்று கேட்டால் அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை போன் பண்ணியபோது, "கேம்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்றாள். நானாக இருந்தால், இந்த வயசுல என்ன கேம் என்று ஆரம்பித்திருப்பேன். உங்கள் தங்கை என்ன கேட்டாள் தெரியுமா? "என்ன கேம்? எத்தனை பேர் ஆடலாம்?" பாப்பா ஒரு பேரைச் சொல்லி, "கோட்டை கட்டணும்மா, ஓநாய் வரும், விரட்டணும். யார் வேணா வரலாம்" என்றாள். மூன்று வார்த்தைக்கு மேல் வந்ததே, அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

அன்று சாயங்காலமே உங்கள் தங்கை நம்ம பழைய லேப்டாப்பில் அந்த ஆட்டத்தை ஏற்றினாள். அது பாதி ஏறும்போதே இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்து, ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துவிட்டது. இதுக்கு வேற கம்ப்யூட்டர் வேணும் என்றாள். நான் தயங்காமல், இருக்கிற சோபாவில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் எங்கே குத்துகிறது என்பதை ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன். "அதுக்கு ஒரு தலகாணி போதும். இதுக்குப் போதாது" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தாள். அதோடு சோபா கதை முடிந்தது மச்சான்.

ரெடிமேடாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். விலையைப் பார்த்தால் மூன்று சோபா. அதனால் பாகம் பாகமாக வாங்கித் தானே கட்டுவது என்று முடிவு பண்ணினாள். பத்து நாள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை என்று சம்பந்தி வீட்டு ஆட்களைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கு யாரோடு ஒத்துப்போகும், யாருக்கு யாரோடு ஆகாது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டே தலையாட்டினேன். தலையாட்டியது சம்மதம் என்று எழுதிக்கொண்டுவிட்டாள்.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள், பை தூக்க. காதில் பேனா சொருகிய கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "பையனுக்கா மேடம்?" என்றார். "எனக்கு." "ஓ, ஆபீஸ் வேலைக்கா?" "இல்ல, ஓநாய் விரட்டறதுக்கு." மனுஷன் அதற்கப்புறம் என்னைப் பார்த்துதான் பேச முயற்சி பண்ணினார். நான் கூரையைப் பார்த்தேன். முதலில் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி ஏழு கலரில் மின்னுகிற ஒரு பெட்டியைக் காட்டினார். எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் தங்கை, "இந்த லைட்டால கேம் வேகமா ஓடுமா?" என்றாள். "வேகமா ஓடாது மேடம், ஆனா பாக்கறதுக்கு..." "நான் ஓநாயைத்தான் பாக்கப்போறேன். லைட்டு இல்லாம என்ன இருக்கு?" அடுத்து, பேரே இல்லாத ஒரு பவர் சப்ளையைக் காட்டி, இதில் பாதிக்குப் பாதி மிச்சம் என்றார். நானும் ஆசையாக, ஆமாமா, கரண்ட் எல்லாம் ஒரே கரண்ட்தானே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருபத்தெட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னிருக்கேன். மயக்க மருந்துல மிச்சம் பிடிச்ச ஆபரேஷன் ஒண்ணு கூட இல்ல. நல்லதா ஒண்ணு எடுங்க." கடைக்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மரியாதை வந்துவிட்டது என்று புரிந்தது. ராம் வாங்கும்போது பதினாறு ஜிபியில் ஒன்றுக்குப் பதிலாக எட்டு ஜிபியில் இரண்டு கேட்டாள். கூட்டினால் எல்லாம் பதினாறுதானே என்று நான் கணக்குச் சொன்னேன். "பதினாறு பேர் ஒரே வாசல்ல வர்றதுக்கும், ரெண்டு வாசல்ல எட்டெட்டு பேரா வர்றதுக்கும் வித்தியாசம் இல்லையா?" என்றாள். கடைக்காரரே, "நல்லா சொன்னீங்கக்கா" என்றார். மேடம் போய் அக்கா வந்துவிட்டது, கவனிக்கவும்.

கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஒரு பஸ் டிரைவர் தன்னுடையதை விற்கிறார் என்று விளம்பரம் பார்த்துப் போனோம். அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து நாலு மாதம். விளையாட நேரமில்லை, அழக்கூட நேரமில்லை என்றார். ஒரு குழந்தை தோளில், ஒன்று மடியில். உங்கள் தங்கை தோளில் இருந்ததை வாங்கிக்கொண்டு, "இருக்கறதுலயே கனமான கேமை அரை மணி நேரம் ஓட விடுங்க தம்பி" என்றாள். அது ஓட ஓட, குழந்தையை ஒரு கையால் தட்டிக்கொண்டே அந்தப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். நோயாளி நெஞ்சைக் கேட்கிற அதே முகம். "ரெண்டாவது ஃபேன் லேசா உரசுது. தூசிதான், எடுத்துடலாம்" என்றாள். டிரைவர் அசந்துபோய் அவராகவே விலையைக் குறைத்தார். கார்டைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்திரமா பாத்துக்குங்கக்கா." "நீங்க இவனோட சளியைப் பாத்துக்குங்க, நெஞ்சுல கட்டியிருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். எங்கே போனாலும் நர்ஸ் நர்ஸ்தான் மச்சான்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும், மறைப்பதில் பயனில்லை. இதையெல்லாம் வைக்கிற வெறும் பெட்டியை, அதாவது கேபினெட்டை, கடையில் விலை ஒத்துவராததால், மூடிப்போன ஒரு டிராவல்ஸ் ஆபீசில் சல்லிசாகப் பேசிவிட்டு, அளந்து எடுத்து வரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். டேப்பும் கொடுத்தாள். நானும் நீளம், அகலம், உயரம் எல்லாம் துல்லியமாக அளந்து, சீட்டில் குறித்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தேன். அளந்தது வெளிப்பக்கம். கார்டு போகவேண்டியது உட்பக்கம். உள்ளே ஒரு விரல்கடை இடிக்கிறது. அலுவலகமாக இருந்தால் எனக்கு மெமோ கொடுத்திருப்பார்கள். உங்கள் தங்கை ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே குனிந்து பார்த்தாள். முன்பக்கம் பழைய டிஸ்க் வைக்கிற தகரக் கூடு ஒன்று இருந்தது. "இது நமக்கு வேணாம்" என்றாள். கீழ்வீட்டுப் பிளம்பரிடம் ரம்பம் வாங்கி, மொட்டை மாடியில் வைத்து அறுத்து எடுத்து, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்கிக் கொண்டுவந்தாள். ரம்பத்தைத் திரும்ப வாங்க வந்த பிளம்பர், "யாரு சார் வெட்டினது? நல்ல கை" என்றார். பதில் சொல்வதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.

கட்டிய நாளைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பாகங்களை வரிசையாக வைத்து, திருகாணிகளைக் கிண்ணத்தில் எண்ணிப் போட்டாள். இருபத்து நாலு. "ஸ்குரூடிரைவர்" என்று கையை நீட்டுவாள், நான் அதில் வைக்க வேண்டும். தப்பானதை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை அப்படியே விரிந்தபடி நிற்கும். மூன்று மணி நேரம். எல்லாம் பூட்டி முடிந்து, மூடப் போகும்போது எண்ணினாள். ஒன்று குறைகிறது. ஒண்ணுதானே, எங்கேயாவது உருண்டிருக்கும், மூடு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுதானேன்னு சொன்ன சர்ஜனையே நான் மூட விட்டதில்ல." பூட்டிய மதர்போர்டைத் திரும்பக் கழற்றினாள். அதற்கு அடியில் கிடந்தது மச்சான் அந்தத் திருகாணி. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தால் மொத்தமும் புகைந்திருக்கும் என்றாள். அதற்கப்புறம் அன்று நான் எந்த யோசனையும் சொல்லவில்லை.

பட்டனை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. திரும்ப அமுக்கினாள், பிணம் மாதிரி கிடக்கிறது. நோட்டைப் பார்க்கிறாள், வயரைப் பிடுங்கிச் சொருகுகிறாள், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவள் முகம் வாடி நான் அதிகம் பார்த்ததில்லை. கீழே உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நான், முட்டி தாங்காமல், அந்தப் பெட்டியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் கட்டைவிரலில் ஏதோ டக்கென்றது. அதே நேரம் அவள் பட்டனை அமுக்க, எல்லா ஃபேனும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பவர் சப்ளைக்குப் பின்னால் தனியாக ஒரு சுவிட்ச் உண்டாம். அது அணைந்தே இருந்திருக்கிறது. நான்தான் ஓட வைத்தேன் என்றேன். "உங்க முட்டிதான் ஓட வெச்சுது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாப்பாவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். "பாப்பா, கதவைத் தொற. வெளிய நிக்கிறேன்." "எந்தக் கதவும்மா? இங்கயா? சொல்லாம கொள்ளாம வந்துட்டியா?" "உன் கோட்டைக் கதவு. சீக்கிரம் தொற, பின்னாடி ஏதோ உறுமுது." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், எத்தனை மாதத்துக்கு அப்புறம்! "அம்மா! கோடாலியை எடும்மா! இடது பக்கம்!" என்று கத்துகிறாள், இவள் வலது பக்கம் ஓடுகிறாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் விறகு வெட்டினார்கள். அப்புறம் விறகு அடுக்கிக்கொண்டே, எதையோ பேசுகிற மாதிரி பாப்பா சொன்னாள், "எனக்கு வேலை போயிடுச்சும்மா. மூணு மாசமாச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." உங்கள் தங்கை, "முதல்ல அந்தக் கதவைத் தாழ் போடு, ஓநாய் வந்துரும். போட்டியா? இப்ப சொல்லு" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. மௌசைப் பிடிக்காத கையால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும். பாப்பா எல்லாவற்றையும் சொல்லி அழுது முடிக்கிற வரைக்கும் இவள் குறுக்கே பேசாமல் விறகு அடுக்கிக்கொண்டே இருந்தாள். "முகத்தைப் பாத்துக் கேட்டா சொல்ல மாட்டா. வேலை செஞ்சுக்கிட்டே இருந்தா தானா வரும். தியேட்டர்ல எத்தனை பேர்கிட்ட பாத்திருக்கேன்" என்றாள் அப்புறம் என்னிடம். இப்போது தினமும் பேசுகிறாள் பாப்பா. இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குப் போய் வந்திருக்கிறாள். வேலை கெடச்சுதா என்று கேட்கக் கூடாதென்று எனக்கு உத்தரவு.

நிற்க. குடும்பத் தலைவன் என்ற முறையில் உங்கள் தங்கையின் இந்தச் செலவைக் கடுமையாகக் கண்டித்துவிட்டேன் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இந்த வீட்டுக்குள் ஒரு வயர்கூட வராது. நான் அந்த மேஜைப் பக்கம் போவதுமில்லை, அந்த ஆட்டத்தில் எனக்கு எள்ளளவும் நாட்டமில்லை. ஆகவே தாங்கள் இது குறித்து அவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னதுகளுக்கு என் ஆசியும். எல்லோரும் நூறு வயது நல்ல கண்பார்வையோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை படித்துவிட்டு, "என்னைக்கு என்னைக் கண்டிச்சீங்க?" என்று தேதி கேட்கிறாள். அதனால் கடைசிப் பாராவை அடித்துவிட்டுப் படிக்கவும். ஓநாய்க் கூட்டத் தலைவனைப் பிடிக்க நாலு பேர் வேண்டுமாம். மூன்றாவது ஆள் பத்து நாளாக நான்தான், அவள் எனக்கென்று கட்டிய இரண்டாவது கம்ப்யூட்டரில் காயத்துக்கு மருந்து போடுகிற வேலை. நாலாவது ஆள் நீங்கள் என்று முடிவாகிவிட்டது. உங்களுக்கான கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜையில் பாதி முடிந்திருக்கிறது. நாங்கள் இப்போது மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறோம். பாப்பா கோட்டையில் மாமாவுக்கென்று ஒரு அறை கட்டிவிட்டாள். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கிறாள். உடனே பதில் போடவும்.