கூரை ஒழுகியதற்கு நேரடிச் சாட்சி

லோவெல் நூட்சனும் அவர் மனைவி ஆர்டித்தும் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு புது டிரெய்லர் வாங்கினார்கள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே உண்டு. தெற்கு டகோட்டாவில் ஒரு மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்பதற்கு அதிகாரபூர்வமான அத்தாட்சி அதுதான். வாங்காதவரை, "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று சர்ச்சில் விசாரிப்பார்கள்.

லோவெல் முப்பத்தோரு வருடம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஆர்டித் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அவர்கள் போக நினைத்த இடம் ஒன்றே ஒன்று: ஆர்டித்தின் அக்கா மேவிஸ் குடியிருக்கும் ஒரிகான் கடற்கரை. அக்காவும் தங்கையும் பார்த்து ஒன்பது வருடமாகிவிட்டது. அக்டோபரில் ஆர்டித்துக்கு இடுப்பில் ஆப்பரேஷன். அதற்கப்புறம் எப்போது நீண்ட பயணம் போக முடியும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. போனால் இந்தக் கோடைதான்.

நான் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரன். கிளம்பிய அன்று கையசைத்து வழியனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டார்கள்.

முதல் நாள் கதவு கையோடு வந்துவிட்டதாம். லோவெல் கயிறு போட்டுக் கட்டினார். பொத்தானை அமுக்கினால் ஒரு பக்கச் சுவர் வெளியே நகர்ந்து உள்ளே இடம் பெரிதாகும். இரண்டாம் நாள் அது நகர்ந்தது. திரும்பி வர மறுத்தது. லோவெல் தோள் கொடுத்துத் தள்ளி உள்ளே சேர்த்தார். வயோமிங் எல்லையைத் தாண்டியதும் மழை பிடித்தது. கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. கையிலிருந்த மூன்று பாத்திரங்களும் நிரம்பியபின் வண்டியைத் திருப்பினார்கள்.

விற்ற கடையில் பழுதுபார்ப்புப் பிரிவுக்கு மேலாளர் கைல் ஹோஃபர். முப்பது வயது, மிகவும் மரியாதை தெரிந்தவர்.

"கதவு, சுவர் ரெண்டையும் இன்னைக்கே முடிச்சிடலாம் சார். கூரைதான் கொஞ்சம் சிக்கல்."

"என்ன சிக்கல்?" என்றார் லோவெல்.

"ஒழுகுதுன்னு நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். ஆனா வாரண்டியில இலவசமா சரிபண்ணணும்னா, கம்பெனி விதிப்படி, ஒழுகறதை எங்க மெக்கானிக் தன் கண்ணால பார்க்கணும்."

"மெத்தை சொதசொதன்னு கிடக்கே. வந்து பாருங்க," என்றார் ஆர்டித்.

"அது நனைஞ்ச மெத்தை மேடம். ஒழுகற கூரை இல்லையே."

லோவெல் யோசித்தார். "ஒரு ஹோஸை எடுத்து மேல தண்ணி அடிச்சா தெரிஞ்சுபோகுது."

கைல் வருத்தத்தோடு ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். பிரிவு பதினான்கு: 'இயற்கையாகப் பெய்யும் மழை நீங்கலான ஏனைய நீரினால் ஏற்படும் நனைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது.'

"சரி, வண்டியை இங்கயே விட்டுட்டுப் போறோம். மழை வந்தா பார்த்துக்குங்க."

"அதுலயும் ஒண்ணு இருக்கு சார். வண்டி உபயோகத்துல இருக்கறப்ப ஒழுகினாத்தான் செல்லும். உள்ள ஆள் குடியிருக்கணும்."

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சண்டை போட வராது. கோபம் தலைக்கேறினால், "இது ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்பார்கள். லோவெல் அதைச் சொன்னார். ரொம்ப நியாயம் என்று கைல் ஒப்புக்கொண்டார். அன்று மாலையே கணவனும் மனைவியும் கடைக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்துகிற மைதானத்தில் குடியேறினார்கள்.

அந்த வருடம் பார்த்துத்தானா மழை பொய்க்க வேண்டும்? ஜூலை முழுக்க ஒரு சொட்டு இல்லை. சோளம் போட்டவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். லோவெல் அவர்களைவிட அதிகமாகப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் நான் அவர்களுக்கு வந்த தபாலையும் தோட்டத்துத் தக்காளியையும் கொண்டுபோவேன். ஒவ்வொரு தடவையும் மைதானத்தில் அவர்களைப் போலவே காத்திருப்பவர்கள் கூடியிருப்பார்கள். அயோவாவிலிருந்து வந்த தம்பதியின் பிரேக் கிறீச்சிட்டது. அதைக் காதால் கேட்க வேண்டிய நிபுணர் விடுமுறையில் இருந்தார். ஒரு பல் டாக்டரின் குளிர்பெட்டி கைல் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காகக் குளிர்ந்தது. ஆகஸ்டில் மொத்தம் பதினொரு குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிட்டார்கள். கைல் ஒவ்வொரு வண்டிக்கும் எண்பலகை நட்டு, நாய்களைக் கட்டிவைக்கும்படி சுற்றறிக்கையும் விட்டார்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை மழை வந்தது. மணி ஐந்து பத்து. கடை ஐந்துக்கு மூடும். மெக்கானிக் டுவேன் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஆர்டித் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நனைந்தபடி வந்தார்.

"டுவேன், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன். ஒழுகுது."

டுவேன் கடிகாரத்தைப் பார்த்தார். "வரேன் ஆர்டித். ஆனா அஞ்சு மணிக்கு மேல பார்த்தா நான் மெக்கானிக்காப் பார்க்கறதா ஆகாது. சும்மா ஒரு மனுஷனாத்தான்."

மனுஷனாக வந்து பார்த்தார். "ரொம்ப மோசமாத்தான் ஒழுகுது," என்று மனுஷனாக வருத்தப்பட்டார். நிறைந்த பாத்திரத்தைக் கொட்டிவிட்டு, திரும்ப வைத்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆர்டித் அக்காவுக்கு போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அப்ப இந்த வருஷமும் வர மாட்டியா?" என்று மேவிஸ் கேட்டது எனக்கே கேட்டது.

"மழை வரணும் மேவிஸ்."

"இங்க வா, வேணுங்கற அளவு பெய்யுது."

"அங்க பெய்யற மழை செல்லாது. மெக்கானிக் இங்க இருக்கார்."

ஆர்டித் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் மேவிஸ் இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார், எழுபத்தாறு வயதில். அக்காவும் தங்கையும் நெடுஞ்சாலையைப் பார்த்து மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"கண்ணை மூடிக்கிட்டா கடல் சத்தம் மாதிரிதான் இருக்கு," என்றார் மேவிஸ்.

"நிஜமாவா?"

"இல்லடி," என்று சொல்லிவிட்டு மேவிஸ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

அவர் இருக்கும்போதே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சட்டப்படி செல்லத்தக்க மழை பெய்தது. டுவேன் மெக்கானிக்காகவே வந்து, பார்த்து, படமெடுத்து, கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் நடுவில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது:

'மேற்படி கூரையில் கசிவு உள்ளது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. எனினும், மேற்படி வாகனம் அறுபது நாட்களுக்கு மேலாக வெட்டவெளியில், மழைக்கு வாய்ப்புள்ள இடத்தில், தெரிந்தே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இது உரிமையாளரின் கவனக்குறைவு ஆகையால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

லோவெல் இரண்டு முறை படித்தார். பிறகு இரும்புக்கடைக்குப் போய் ஒரு குழாய் தார்ப்பசை வாங்கிவந்து, ஏணி போட்டு ஏறி, நாற்பது நிமிடத்தில் ஓட்டையை அடைத்தார். அதற்கப்புறம் அது ஒழுகவே இல்லை.

"இதை ஜூன்லயே பண்ணியிருக்கலாமே லோவெல்," என்றார் ஆர்டித்.

"பண்ணியிருந்தா வாரண்டி போயிருக்குமே."

மேவிஸ் பஸ் ஏறிப் போய்விட்டார். அக்டோபரில் ஆப்பரேஷன் நடந்தது.

ஆஸ்பத்திரிக்கே பூங்கொத்தோடு வந்தார் கைல். கூடவே ஒரு படிவமும் கொண்டுவந்தார். "அஞ்சு நட்சத்திரத்துக்கு எவ்வளவு தருவீங்கன்னு கேட்டிருக்காங்க மேடம். நாலு குடுத்தாலும் மேலிடத்துல அதை பூஜ்யம்னுதான் எடுத்துக்குவாங்க. என் வேலையே போயிடும்."

ஆர்டித் கணவனைப் பார்த்தார். "பாவம், அவர் என்ன பண்ணுவார்? கல்யாணம் வேற வச்சிருக்கார்."

ஐந்து போட்டார்கள். 'அன்பான ஊழியர்கள். கோடை முழுவதும் எங்களை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள்' என்று ஆர்டித் தன் கையாலேயே எழுதினார். விசாரித்தபோது, மற்ற பத்துக் குடும்பங்களும் அப்படியே போட்டிருந்தது தெரிந்தது. கைல் கெட்டவர் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

இந்த வசந்தத்தில் அந்தக் கடை வாசலில் பெரிய பலகை வைத்தார்கள்: 'வட்டாரத்திலேயே வாடிக்கையாளர்களின் அதிகபட்ச மதிப்பெண் பெற்ற நிலையம்.' நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தவன் நான். ஆனாலும் பதினொரு பேர் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கும்போது, ஒரு கோடையில் நான் ஒருவன் கண்ணால் பார்த்ததை மட்டும் எப்படி நம்புவது? ஏப்ரலில் நானும் அங்கேயே ஒரு டிரெய்லர் வாங்கினேன்.

அதில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதை மெக்கானிக் நேரில் பார்க்க வேண்டுமானால் வெளியே உறைபனி இருக்க வேண்டுமாம். இது மே மாதம். நட்சத்திரங்களை மட்டும் சாவி வாங்கிய அன்றே கைல் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அந்தப் பலகைக்குப் பலம் சேர்க்கிற பன்னிரண்டாவது ஐந்து என்னுடையது.