மதகு திறக்கும் டிப்ளமா

கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வைத்தே தீர வேண்டும். கயானாவின் முதல் சட்டம் இதுதான். எங்கும் எழுதப்படாத சட்டம் என்பதால் இதுவரை யாராலும் திருத்த முடியவில்லை.

எங்கள் ஊர் நியூ பேஷன்ஸ். புதிய பொறுமை என்று பொருள். கரும்புத் தோட்டத்துக்கு வெள்ளைக்கார முதலாளி வைத்த பெயர். பழைய பொறுமை என்ன ஆயிற்று என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே மண்ணணை. அணையில் ஒரு மரக்கதவு, அதைத் தூக்கி இறக்க ஓர் இரும்புச் சக்கரம். இதைக் கோக்கர் என்போம். கடல் வற்றும்போது சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கினால் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகும். கடல் ஏறும்போது கதவை இறக்கிவிட வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு அணைமேல் படுத்திருப்பவனுக்கும் தெரியும், முதலில் நனைபவன் அவன்தானே.

கோக்கர் காவலர் காம்ப்டன் அடோனிஸ், மகளோடு இருக்க நியூயார்க் போய்விட்டார். அன்றிலிருந்து சக்கரத்தைச் சுற்றியவள் துருபத்தி. தோட்டத்தில் களையெடுத்தவள், வாய் நீளம், யாருக்கும் பயப்படாதவள். அவள் ஊருக்காக உழைத்தாள் என்று எழுதி அவளைக் கேவலப்படுத்த மாட்டேன். அவளுக்கு அந்த உத்தியோகம் வேண்டியிருந்தது. காக்கிச் சட்டை, அரசாங்க மழைக்கோட்டு, ஓய்வூதியம். தவிர, ஊரிலேயே பள்ளமான வீடு அவளுடையது. கதவு ஒரு நாள் திறக்காவிட்டால் முதலில் மிதப்பது அவள் வாத்துகள், இரண்டாவது அவள் காராமணிக் கொடி.

அந்த நேரத்தில்தான் நாட்டில் படிப்பு பரவியது.

சர்க்கரை ஆலையை மூடிய அரசாங்கம் எங்களை நடுத்தெருவில் விடவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். வேலை கேட்டோம், கோர்ஸ் கொடுத்தார்கள். கரும்பு வெட்டிய கைகள் கேக்கின்மேல் சர்க்கரை ரோஜா வைக்கப் பழகின. சர்க்கரைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அறுந்துவிடக் கூடாது என்பதில் மேலிடம் கவனமாக இருந்தது. கேக் வாங்கத்தான் ஊரில் யாரிடமும் காசில்லை. அடுத்து சிகையலங்காரம், பிறகு கணினி அறிமுகம் (கணினி வரவில்லை, அறிமுகம் மட்டும் வந்தது), பிறகு நீர் மேலாண்மை. துருபத்தி எதையும் விடவில்லை. சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டுச் சுவரில் வரிசையாக மாட்டினாள்.

காவலர் பதவிக்கு அவள் விண்ணப்பித்தாள். தகுதிச் சமநிலைத் துறையின் வட்டார அலுவலர் மிஸ்டர் ஹோல்டர் நேரில் வந்தார். அவள் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே தொங்கிய ஊஞ்சல்படுக்கையில் உட்காரவைத்து, மரப்பட்டையை வேகவைத்து இறக்கிய மௌபிப் பானம் கொடுத்தோம். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றோம். தொழிற்சங்கத்தின் சார்பில் நான்.

"மிஸ் துருபத்தி, நீங்க படிச்சது எல்லாமே கோர்ஸ்."

"ஆமா சார். ஒண்ணுவிடாம படிச்சிருக்கேன்."

"இந்தப் பதவிக்கு வேண்டியது புரோகிராம்."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

ஹோல்டர் மௌபியைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல முகம் மலர்ந்தது.

"இதோ, இந்த வீட்டையே பாருங்க. இது ஒரு தூண். அதுதான் கோர்ஸ். மேல இருக்கறது வீடு. அதுதான் புரோகிராம். தூணைக் காட்டி வீடுன்னு சொல்லலாமா?"

"எங்கிட்ட நாலு தூண் இருக்கே சார். மேல ஒரு பலகை போட்டா வீடுதானே?"

"முடியாது. முதல்ல வீட்டைத் தீர்மானம் பண்ணி, அப்புறம்தான் தூண் நடணும். நீங்க தூணை நட்டுட்டு வீடு கேக்கறீங்க. விதி ஒத்துக்காது."

"சரி, அந்த வீடு எங்க கிடைக்கும்? போய் படிச்சிட்டு வரேன்."

"புரோகிராம் இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குக் கரிகுலம் வேணும். கரிகுலம் எழுத கமிட்டி வேணும்."

"கமிட்டி போடுங்களேன்!"

"உறுப்பினர் ஆகணும்னா புரோகிராம் முடிச்சிருக்கணும்."

மேலே ஏதோ ஒரு பெரிய அறிவு நடமாடுவதுபோல் இருந்தது.

"அதுவரைக்கும் கோக்கரை யாரு சார் திறப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"நல்ல கேள்வி, தோழர். தகுதியில்லாதவங்க திறக்கக் கூடாது. அதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

ஏற்பாடு மறுநாள் வந்தது. இரும்புச் சங்கிலி, பூட்டு, அறிவிப்புப் பலகை.

மே மாத மழை பலகையைப் படிக்கவில்லை. வாய்க்கால் நிறைந்தது, தெரு நிறைந்தது, துருபத்தியின் முற்றம் ஏரியானது. ஹஸ்ஸா மீன் காராமணிப் பந்தலுக்குள் முட்டையிட்டது. அவள் மாடியில் வாத்துகளோடு குடியிருந்தாள்.

சங்கக் கூட்டத்துக்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள்.

"தோழரே, இரும்பு அறுக்கிற ரம்பம் வச்சிருக்கீங்கல்ல? பூட்டை அறுங்க. பேச்சு அப்புறம் பேசிக்கலாம்."

நான் அதே கருத்தில்தான் இருந்தேன். மறியலில் மண்டை உடைந்தவன் நான், மூன்று முறை சிறை போனவன், துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக் கூட்டிப் படித்து அரசியல் கற்றவன். பூட்டு எனக்குப் புதிதல்ல. ஆனால் நான் எழுந்திருப்பதற்கு முன் சீச்சரண் எழுந்துவிட்டான். கேக் வகுப்பில் முதலிடம் பெற்றவன்.

"பூட்டை உடைச்சா என்ன கிடைக்கும்? தண்ணி போகும், அவ்வளவுதான். புரோகிராமைக் கேட்டா எல்லாருக்கும் டிப்ளமா கிடைக்கும். கறுப்பு அங்கி, தொப்பி. என் மச்சான் டொராண்டோவுல போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான், பாத்தீங்களா?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அங்கி! என் காலத்தில் ரொட்டி கேட்டோம், கூலி கேட்டோம், வெட்டுக்கத்தி தீட்ட அரம் கேட்டு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தோம். அவற்றில் எதையும் தலையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஜனநாயகத்துக்குக் கட்டுப்பட்டவன் நான். "பூட்டைத் திற" என்று எழுதி வைத்திருந்த பலகைகளைத் திருப்பிப் பின்பக்கத்தில் "கரிகுலம் எங்கள் பிறப்புரிமை" என்று எழுதினேன். பூமத்திய ரேகைக்கு அருகே பாடத்திட்டம் கேட்டு நடந்த முதல் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவன் நானே என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அரசாங்கம் ஒரே வாரத்தில் பணிந்தது. என் வாழ்நாளில் எந்த அரசாங்கமும் இத்தனை சீக்கிரம் பணிந்ததில்லை. எங்கள் பலம் அப்படி என்று அப்போது பேசிக்கொண்டோம்.

பள்ளிக்கூட மாடியில் புரோகிராம் நடந்தது. கீழ்த்தளம் தண்ணீருக்குள் இருந்தது. ஹாலந்து நாட்டு மதகுகளின் வரலாறு, சக்கரமும் தலைமைப் பண்பும், கதவு வழியே தன்னையறிதல் ஆகிய பாடங்கள் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டன. செய்முறைப் பயிற்சிக்குக் கோக்கர் கிடைக்கவில்லை. டிப்ளமா இல்லாதவர் தொடக் கூடாது என்று பலகை சொன்னது. ஆகவே சுவரில் ஒரு சைக்கிள் சக்கரத்தை மாட்டிச் சுற்றினோம். துருபத்தி ஒருமுறை கை தூக்கினாள்.

"மிஸ், கடல் ஏறுறது வத்துறது எப்ப பாடம் நடத்துவீங்க?"

தலைநகரிலிருந்து வந்த ஆசிரியை பாடத்திட்டத்தைப் புரட்டினார். "அது இந்த சிலபஸ்ல இல்லம்மா. கரிகுலத்துல இருக்கு. ஆனா உயர்நிலை புரோகிராம்ல."

"அதுவரைக்கும் கடல் காத்திருக்குமா?"

"பரீட்சைக்கு வராது, கவலைப்படாதே."

பரீட்சைக்கு வரவில்லை. எல்லோரும் தேறினோம். துருபத்தி முதல் மதிப்பெண். காக்கிச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டாள்.

பட்டமளிப்பு விழா கோக்கர் பக்கத்திலேயே, அணைமேல் பந்தல் போட்டு நடந்தது. மந்திரி தம் கையால் கதவைத் திறந்து வைப்பார், பிறகு டிப்ளமாக்களை வழங்குவார் என்று அழைப்பிதழ் சொன்னது. நேரம் காலை பத்து. கறுப்பு அங்கியில், வியர்வையில், ஊரே உட்கார்ந்திருந்தது. நன்றியுரை எனக்கு.

ஒன்பதரைக்குத் துருபத்தி கடலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். கடல் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹோல்டரிடம் ஓடினாள்.

"சார், இப்பத் திறந்தா கடல் உள்ள வந்துரும். சாயங்காலம் நாலு மணிக்கு வத்தும். அப்பத் திறக்கச் சொல்லுங்க."

"நாலு மணிக்கு மந்திரிக்கு வேற ஊர்ல விழா."

"கடலுக்கு இந்த ஊர்லதான் சார் விழா!"

"மிஸ் துருபத்தி, எந்தப் பாடத்துல இதைப் படிச்சீங்க?"

"பாடத்துல இல்ல."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்? உக்காருங்க."

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் நான். பக்கத்தில் சீச்சரண். "தோழரே, சொல்லுங்களேன்!" என்றாள். அதே நேரம் வாத்தியக் குழு தேசிய கீதத்தைத் தொடங்கியது. தேசிய கீதத்தின்போது பேசுவது மரியாதையல்ல. எழுந்து நின்றோம்.

ஒரு சிக்கல் எழுந்தது. டிப்ளமா இல்லாத மந்திரி சக்கரத்தைத் தொடுவது விதிமீறல். ஹோல்டர் அதை முன்கூட்டியே யோசித்திருந்தார். மந்திரிக்கு முதலில் ஒரு கௌரவ டிப்ளமா வழங்கப்பட்டது. பிறகு அவர் பூட்டைத் திறந்து சக்கரத்தைச் சுற்றினார். கதவு எழுந்தது. கடல் உள்ளே வந்தது.

"பாருங்க, என்ன வேகம்! எத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த தண்ணி!" என்றார் மந்திரி.

திசையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கை தட்டினோம். தண்ணீர் தெருவுக்குள் ஓடி, பள்ளத்தைத் தேடி, துருபத்தி வீட்டுப் படிகளில் ஏறியது. மாடியிலிருந்து வாத்துகள் கத்தின.

அவள் சக்கரத்தை நோக்கி ஓடினாள். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினோம்.

"தொடாதே துருபத்தி! இன்னும் டிப்ளமா வாங்கல! வேலை போயிரும்டி!"

சட்டப்படி சரிதான். அந்த நேரத்தில் நியூ பேஷன்ஸில் சக்கரத்தைத் தொடத் தகுதியுள்ளவர் ஒருவரே. அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் டிப்ளமாக்கள் இருந்த பெட்டி, அணைச் சரிவில் போட்டிருந்த தேநீர் மேசைக்கடியில் மிதக்கத் தொடங்கியிருந்தது.

துருபத்தி அங்கியைக் கழற்றி எங்கள்மேல் வீசினாள். என் முகத்தில் விழுந்தது. கதவை இறக்கினாள். கடல் வெளியே நின்றது, அதுவரை வந்த தண்ணீர் உள்ளே நின்றது.

விசாரணை முறைப்படி நடந்தது. நனைந்த டிப்ளமாக்களை உலர்த்தி எங்களுக்கெல்லாம் வழங்கினார்கள். துருபத்திக்கு இல்லை. வழங்கப்படுவதற்கு முன்பே சக்கரத்தைத் தொட்ட குற்றத்துக்காக அவளுடையது ரத்து.

சங்கத்தைக் கூட்டினேன். அவளுக்காகப் பேசத்தான் கூட்டினேன். சீச்சரண் குறுக்கிட்டான்.

"டிப்ளமா இல்லாதவளை காவலர் ஆக்கினா, நம்ம டிப்ளமாவுக்கு என்ன மதிப்பு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் எழுந்தேன். சுவரில் என் அங்கிப் படம் கண்ணாடிக்குள் இருந்தது. சங்க வரலாற்றில் டிப்ளமா பெற்ற முதல் செயலாளர் நான். உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காவலர் பதவியை டிப்ளமாதாரர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்று முடிவாயிற்று.

முதல் முறையிலேயே ஒரு சிரமம் தெரிந்தது. சக்கரம் கனம், கிரீஸ் ஒட்டும், அங்கி மாட்டிக்கொள்ளும். படித்தவன் செய்யும் வேலையா அது? ஹோல்டருக்கு மனு போட்டோம். அவர் நியாயவான். படிப்புக்கேற்ற வேலை, வேலைக்கேற்ற படிப்பு என்று ஆணையிட்டார். சக்கரத்தை மேற்பார்வை செய்ய டிப்ளமா. சுற்ற ஓர் உதவியாள். அதற்கு நீர் மேலாண்மைக் கோர்ஸ் போதும்.

அந்தச் சான்றிதழை ஊரில் சுவரில் வைத்திருந்தவள் ஒருத்திதான். மற்றவர்கள் அவரவர் டிப்ளமாவுக்கு இடம் வேண்டிக் கோர்ஸ்களைக் கழற்றிவிட்டிருந்தோம். இதனால் அவள் நியமனத்தில் போட்டியே இல்லை. காக்கிச் சட்டை கிடையாது, உதவியாளுக்கு ஓய்வூதியமும் கிடையாது. ஆனால் வேலை கிடைத்தது. அதை எங்கள் போராட்டத்தின் வெற்றி என்றே ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

இப்போது கடல் வற்றும் நேரமெல்லாம் ஊரே அணைமேல் கூடுகிறோம். சக்கரத்தைச் சுற்றிலும் நெருக்கமாக நின்று மேற்பார்வையிடுகிறோம். துருபத்தி சேலைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வருவாள், எங்களை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"படிச்சவங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சக்கரம் சுத்த இடம் வேணும்."

எந்தப் பக்கம் தள்ளி நிற்பது என்று எங்களுக்குள் விவாதம் நடக்கிறது. அது உயர்நிலை புரோகிராமில் வருகிறதாம். அதற்காகத்தான் அடுத்த ஊர்வலம். பலகைகளுக்கு வேறு பக்கம் இல்லாததால், "பூட்டைத் திற" என்ற பழைய எழுத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.