ரிப்போர்ட்டில் மூன்று கல்

ஆண்டிமடத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. காலை ஏழு மணிக்கே அங்கே நிற்க இடமில்லை. ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கே ‘கல்லெடுக்கிற கொட்டாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

கொட்டாய்க்காரர் கலைமணி முன்பெல்லாம் தொக்கம் எடுப்பவர். குழந்தையின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, தங்கிப்போன சோற்றுப் பருக்கையைத் துப்பிக் காட்டுவார். ஊருக்கு ஊர் ஸ்கேன் சென்டர் வந்ததும் அதே குழலால் வயிற்றுக் கல்லை உறிஞ்சியெடுக்க ஆரம்பித்தார். விஞ்ஞானம் வளர்ந்தால் அருளும் வளர வேண்டாமா?

ஒரே நிபந்தனை, கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்க வேண்டும். இரண்டு கல் என்று போட்டிருந்தால் இரண்டு வரும், ஐந்து என்றால் ஐந்து வரும். ரிப்போர்ட் இல்லாதவர்களுக்கு மட்டும் அன்றைக்கு அருள் இறங்காது.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து சமீரா, ஒன்பது வயது மகள் இன்ஷாவோடு வந்திருந்தாள். இரண்டு வருடமாக இன்ஷாவுக்கு வயிற்றுவலி. வந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் சுருண்டுவிடுவாள். திருச்சி டாக்டர் படம் போட்டே காட்டியிருந்தார். கணையம் கருவில் இரண்டு துண்டாக உருவாகி, பிறகு ஒன்று சேரும். இன்ஷாவுக்கு உள்ளே குழாய்கள் சேரவில்லை. சுரக்கும் நீர் சின்ன வாசலில் வடிய முடியாமல் தேங்கி, கணையம் புண்ணாகிக் கல்லும் கட்டிவிட்டது. வாய்வழியாக டியூப் விட்டு வாசலை அகலப்படுத்த வியாழக்கிழமை குறித்திருந்தார். அன்று புதன்.

“பச்சப் புள்ள, டியூப்பத் தாங்குமா? இங்க கல்லு வந்துட்டா நாளைக்கு திருச்சிக்குப் போக வேணாம்,” என்றாள் சமீரா.

“வரட்டுங்க்கா. எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம்,” என்றான் தம்பி அன்சார். துபாயிலிருந்து லீவில் வந்தவன்.

கலைமணி ரிப்போர்ட்டைப் புரட்டினார். “மூணு கல்லா? ஊதித் தள்ளிரலாம். டியூப்பு மட்டும் விட்டுறாதீங்க. அப்பறம் அந்த வயித்தத் தொடவே மாட்டேன்.” பேசிக்கொண்டே திரைக்குள் போனார். திரும்பி வரும்போது மௌன விரதம். கன்னம் வேறு லேசாக உப்பியிருந்தது. அன்சார் அதைக் கவனித்தான்.

பையிலிருந்த பேரீச்சம்பழப் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை இன்ஷாவின் கையில் வைத்தான். “அவங்களுக்குக் குடும்மா. வந்தவங்க வெறுங்கையோட நின்னா நல்லாவா இருக்கும்?”

கலைமணி தலையை ஆட்டி மறுத்தார்.

“புள்ள ஆசையா நீட்டுது, வாங்கிக்குங்க சாமி,” என்றாள் வரிசையில் நின்ற இருசம்மாள். கூட்டமே ஆமோதித்தது. பக்தர்கள் கேட்டால் என்ன செய்வது? வாயில் போட்டார். மென்றார். கடக்கென்று ஒரு சத்தம். முகம் கோணியது. பழம் தின்றவர் எவரும் செய்வதுபோல, கொட்டையைப் பக்குவமாக உள்ளங்கையில் துப்பினார்.

இன்ஷா எட்டிப் பார்த்தாள். “மாமா, இந்தப் பழத்துல கொட்டையே இருக்காதே.”

அன்சார் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். கொட்டை எடுத்த பழம். கலைமணியின் கையில் இருந்தது வெள்ளைச் சுண்ணாம்புக்கல். திரும்பிய பக்கமெல்லாம் சுண்ணாம்புச் சுரங்கம் உள்ள அரியலூர்க்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

“இன்னும் ரெண்டு இருக்கணுமே. ரிப்போர்ட்ல மூணுன்னு போட்டிருக்கு. வாயத் தொறங்க,” என்றான் அன்சார்.

கலைமணி திறக்கவில்லை. மடக் மடக்கென்று இரண்டு முறை விழுங்கினார்.

சமீராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த ஆளை நம்பியா நாளைய தேதியை விட இருந்தோம்? அவள் ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“சாமிக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல,” என்றாள் இருசம்மாள், வரிசையை விடாமல்.

மறுநாள் திருச்சியில் டியூப் விட்டு வாசலை அகலப்படுத்தினார்கள். மயக்கம் தெளிந்த இன்ஷா முதலில் கேட்டது, “எப்ப சாப்பிடலாம்?” சமீரா அழுதேவிட்டாள்.

டாக்டரைப் பார்க்க வெளியே போன அன்சார், ஸ்கேன் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைக் கண்டான். கலைமணி. கையில் டோக்கன்.

“என்னங்க, குழல வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?”

கலைமணி அன்றும் மௌன விரதம்தான்.

தன் வயிறு வலித்தபோது அவர் சரியான வரிசையில் போய் நின்றார். ஆண்டிமடத்து வரிசையில் நிற்பவர்களே, அந்த அளவுக்காவது யோசிக்கக் கூடாதா?