குழாய்க்குள் எட்டிப் பார்க்க வருகிறார்கள்

"மூணு மணிக்கு திண்டிவனம் ஆபீஸ்லேர்ந்து வர்றாங்களாம். மொதல்ல நம்ம கழனியத்தான் பாக்கப் போறாங்களாம். அதுதான் ரொம்ப முக்கியம்னு அரங்கநாதன் அண்ணன் சொன்னாரு" என்று பாஞ்சாலி போனைக் கீழே வைத்தாள்.

அவள் புருஷன் துரைக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. கழனியில் கணுக்கால் முழுகத் தண்ணீர் நின்றது.

காணைக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் நாற்பது பேர் திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். நெல்லில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் சேற்றிலிருந்து ஒரு வாயு கிளம்பி உலகத்தைச் சூடாக்குகிறதாம். காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் வாயு குறையுமாம். குறைந்த வாயுவை எங்கோ வெளிநாட்டில் புகை விடுகிற சிமெண்ட் கம்பெனி விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுமாம். அவன் விடுகிற புகைக்கு நம்ம ஊர் நெல் ஏன் தாகத்தில் கிடக்க வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பணம் வருகிற இடத்தில் கேள்வி கேட்பது நல்ல பழக்கமில்லை. தண்ணீர் மட்டத்தை அளக்க ஒவ்வொரு கழனியிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

விளக்கக் கூட்டம் நடந்த அன்று துரைக்கண்ணு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மச்சினனைப் பார்க்கப் போயிருந்தார். மறுநாள் வீடு தேடி வந்த பதினெட்டுப் பக்கக் காகிதத்தில், பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். படிப்பதற்கா காகிதம் கொடுப்பார்கள்? விவரம் சொன்னது பக்கத்துக் கழனி செல்வகுமார்தான்.

"காயவுடணும் மாமா. ஒருத்தர் சொதப்பினாலும் நாப்பது பேருக்கும் காசு கட். மேலேர்ந்து சாட்டிலைட்டு வேற பாத்துக்கினே இருக்கு."

காயவிடத்தான் துரைக்கண்ணுவும் நினைத்தார். ஆனால் அவருடைய மோட்டார் பதினைந்து வருஷமாக ஆட்டோவில் கிடந்தது. கரெண்ட் வந்தால் தானே ஓடும், போனால் தானே நிற்கும். அதை அணைக்கப் போகும்போதெல்லாம் பயிர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்ப்பதுபோல இருக்கும். கை தானாகத் திரும்பி வந்துவிடும்.

திட்டத்துக்கு ஊர்த் தலைவர் அரங்கநாதன். அவர் மகனுக்குத்தான் துரைக்கண்ணுவின் மகள் பானுப்ரியாவைப் பேசி முடித்திருந்தது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். நாற்பது குடும்பத்தின் வயிற்றில் அடித்தவன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

"மடையத் தொறந்து வுடுங்க. மூணு மணிக்குள்ள வடிஞ்சிடும்" என்றாள் பாஞ்சாலி.

துரைக்கண்ணு மண்வெட்டியோடு குடையையும் எடுத்துக்கொண்டார்.

"வெயிலுக்கா?"

"சாட்டிலைட்டுக்கு."

ஒரு கையால் குடையைப் பிடித்து, ஒரு கையால் வரப்பை வெட்டினார். தண்ணீர் சந்தோஷமாகப் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. பள்ளத்தில் இருந்தது செல்வகுமாரின் கழனி. பத்து நாள் காய்ந்து அழகாக வெடிப்பு விட்டிருந்த கழனி, பத்து நிமிஷத்தில் குளமாகிவிட்டது.

செல்வகுமார் அலறிக்கொண்டு ஓடிவந்தான். "இன்னா மாமா பண்ணிக்கினு இருக்கீங்க? போட்டோ புடிக்க ரெடியா வச்சிருந்தேனே!"

"கத்தாதடா, மேல கேக்கப்போவுது."

"சாட்டிலைட்டுக்குக் காது கெடையாது மாமா! இப்ப நானும் மாட்டிக்கினேன். பேஜாரா பூடுச்சே!"

தனியாகப் பயந்தபோதே தாங்க முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பயந்தால் கேட்கவா வேண்டும்? செல்வகுமார் வீட்டுக்கு ஓடி, ஓரங்கட்டி வைத்திருந்த பழைய டீசல் என்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இறைத்து வாய்க்காலில் விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு.

என்ஜின் இருமியது. பிறகு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கன்னங்கரேலென்று புகை விட்டது.

"பொகைய கொறைக்கறதுக்குத்தானே அவங்க காசே குடுக்கறாங்க?" என்றாள் பாஞ்சாலி.

ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். துரைக்கண்ணு ஓடிப்போய்ப் புகைக்கு மேல் குடையைப் பிடித்தார். புகை குடையைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. அவர் முகம்தான் கரியானது.

வாய்க்காலோ தூர் வாராமல் புல் மண்டிக் கிடந்தது. இறைத்த தண்ணீர் அதில் ஏறாமல் புரண்டு வண்டிப்பாதைக்கு வந்தது. பாதை நாற்றங்காலுக்கு உழுத மாதிரி ஆகிவிட்டது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

இரண்டு மணிக்கு இரண்டு கழனியிலும் சேறு தெரிந்தது. துரைக்கண்ணு மூச்சு விட்டார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் அவரைப் பார்த்து மினுமினுத்தது.

டம்ளரை விட்டு மொண்டார். மறுபடி ஊறியது. மறுபடி மொண்டார்.

"ஐயோ, ஊறுதுடி! ஜல்தியா எதனா பண்ணு!"

பாஞ்சாலி களிமண்ணைக் கேப்பைக் களி பதத்துக்குப் பிசைந்தாள். கையை உள்ளே விட்டு அடியையும் ஓட்டைகளையும் அடைத்தாள். பழைய பனியனைச் சுருட்டி உள்பக்கம் துடைத்தாள். செல்வகுமார் குழாய்க்கும் அதே வைத்தியம். அவசரத்தில் மடையை அடைத்து, என்ஜினை வைக்கோல் போட்டு மூடினார்கள்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. கழனிக்கு ஐம்பது அடி முன்னால் வண்டிப்பாதைச் சேற்றில் அழுந்தி நின்றது. தள்ளுவதற்கு இறங்கியவர் அரங்கநாதன். சக்கரம் சுழன்றதில் அவருடைய வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை எல்லாம் ஒரே நிறமானது. வருங்காலச் சம்பந்தியை அந்தக் கோலத்தில் பார்த்ததும் துரைக்கண்ணு மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

திண்டிவனம் ஆபீஸ் அதிகாரி கலைமதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். பின்னால் அளவுகோலோடு டிரைவர் பாண்டுரங்கன்.

கலைமதி கழனியைச் சுற்றிப் பார்த்தாள். குழாய்க்குள் அளவுகோலை விட்டாள். எடுத்தாள். நுனியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

கேட்ட குரல் சரியில்லை என்று துரைக்கண்ணுவுக்குப் பட்டது. நம்பவில்லை போலும். இனி அரைகுறையாகப் பொய் சொன்னால் ஆகாது.

"நட்டுப் பயிர் வேர் புடிச்ச நாள்லேர்ந்தே மேடம். ஒரு நாள்கூட தண்ணி நிக்க வுட்டதில்ல. எம் பொண்ணு மேல சத்தியமா!"

"நெஜமாவா?" என்று அரங்கநாதன் சேற்று முகத்தோடு கேட்டார்.

"நெஜமாத்தான் சம்பந்தி. பயிர் செத்தாலும் பரவால்ல, ஊரு நல்லா இருக்கணும்."

அரங்கநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். கலைமதி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் யாரும் சிரிக்கவில்லை, ஏன் யாரும் போட்டோ எடுக்கவில்லை என்று துரைக்கண்ணுவுக்குப் புரியவில்லை. பனியனைக் கண்டுபிடித்துவிட்டார்களோ என்று பயந்து பாஞ்சாலியைப் பார்த்தார். அவளும் அதே பயத்தோடு இவரைப் பார்த்தாள்.

பாண்டுரங்கன் குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டார்:

"ஏன் மேடம், முப்பத்தொம்பது பேரும் காயப்போடணும், ஒருத்தர் மட்டும் எப்பவும்போல கழனியில தண்ணி நிக்கவே வுடணும், அவர வச்சித்தான் மத்தவங்க எவ்ளோ கொறைச்சாங்கன்னு கணக்குப் போட்டு ஊருக்கே காசுன்னு கையெழுத்து வாங்கினோமே, அந்த ஒருத்தர் இவர்தானே?"